சுவரோவியச் சான்றும் நிறத்திரிபும்

ஒரு செய்யுளின் பொருளைத் துணிதற்குமுன் அதன் பாடம் தூயதோ என்று ஆராய்தல் கற்றோர் மரபு. ஏடெழுதினோர் பிழை, செல்லரித்த இடம், இடைச்செருகல் ஆகிய இவற்றை நோக்கியன்றி எந்நூலையும் அவர் சான்றாக எடுத்துக்காட்டார். இவ்வெச்சரிக்கை, சுவர்களில் எழுதப்பெற்ற பண்டை ஓவியங்களைச் சான்று காட்டுமிடத்துப் பெரும்பாலும் கைவிடப்படுகின்றது. இன்று சுவரிற் காணப்படும் நிறம் யாதோ அதுவே எழுதியவன் தீட்டிய நிறம் என்று கொண்டு, அதன்மேல் 'இம்மூர்த்தி இன்னார்', 'இவ்வழக்கு இன்ன காலத்தது', 'இவ்வோவியநெறி இன்ன தன்மைத்து' என்னும் முடிபுகள் எழுப்பப்படுகின்றன. அடிநிலை உறுதியாயினன்றோ கட்டடம் நிலைபெறும்? ஆதலின் நிறம் என்னுஞ் சான்று எத்துணை வலியுடைத்து என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

சைவர்க்கு இவ்வாராய்ச்சி புறம்பானதன்று. இறைவன் திருவுருவை ஓதும் தியான சுலோகங்களும் திருமுறைகளும் நிறத்தை அழகுக்காக மட்டும் கூறுவன அல்ல. செம்மேனி, வெண்ணீறு, கறைமிடறு, வெள்விடை என நிறமே அடையாளமாய் நிற்கும் இடங்கள் பல. சிற்பத்தில் மூர்த்தியை அறிதற்குக் கையிலுள்ள படையும் இருக்கையும் துணையாதல்போல, ஓவியத்தில் மேனிநிறமும் ஒரு துணையாம். அத்துணை பொய்ப்பின் மூர்த்தியே மாறுபடத் தோன்றும்.

இப்பொருளில் இருவகைப் பிழை நிகழ்வதைக் காணலாம். கண்ணிற்பட்ட நிறமே முதல்நிறம் என்பது ஒன்று. பழைய சுவரில் எந்நிறமும் நம்பத்தக்கதன்று, யாவும் காலத்தால் கெட்டனவே என்பது மற்றொன்று. முன்னது ஏட்டிற் கண்டதெல்லாம் ஆசிரியர் வாக்கு என்பதனோடு ஒக்கும். பின்னது ஏடுகளிற் பிழையுண்மையால் நூலே இல்லை என்பதனோடு ஒக்கும். இரண்டும் பொருந்தாமை முறையே காட்டப்படும்.

முதற்கண் முன்னைய பிழையை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டு அசீசி நகரில் தூய பிரான்சிஸ் பெயரால் அமைந்த பெருங்கோயிலின் மேற்கோயிலில், சிமாபூவே என்னும் ஓவியர் 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதிய சிலுவைக் காட்சி ஒன்று உண்டு. இன்று அதனைக் காண்பார்க்கு அது புகைப்படத்தின் எதிர்ப்படம்போல் தோன்றும். ஒளிபட வேண்டிய முகங்களும் ஆடைமடிப்புகளும் கறுத்துக் கிடக்கின்றன. நிழலாக வேண்டிய இடங்கள் வெளிறி நிற்கின்றன. துயரத்தின் இருளைக் காட்ட வேண்டி ஓவியர் இவ்வாறு எழுதினார் என்று ஒருவர் உரை வகுப்பின், அவ்வுரை எத்துணை நயமுடையதாயினும் பொய்யுரையேயாம். ஓவியர் தீட்டியது வெண்மை. அவ்வெண்மைக்கு அவர் கொண்ட பொருள் ஈயவெள்ளை. அதுவே கறுத்தது.

ஈயவெள்ளை என்பது ஈயமும் கரியமில வாயுவும் நீரும் கூடிப் பிறக்கும் ஒரு வெண்பொடி. தமிழில் வெள்ளீயம் என வழங்கும் உலோகம் வேறு. அதனோடு இதனை மயங்கலாகாது. இப்பொடியை எண்ணெயிற் குழைத்து மரப்பலகையில் தீட்டின், எண்ணெய் ஒவ்வொரு துகளையும் சூழ்ந்து காத்தலால் பல நூற்றாண்டும் வெண்மை மாறாது நிற்கும். அதனையே சுண்ணச்சுவரில் எண்ணெயின் காப்பின்றித் தீட்டின், ஈரமும் காற்றும் சுண்ணத்தின் காரத்தன்மையும் அதனைத் தாக்கும். நாளடைவில் ஈயம் மிகுதியான உயிர்வளியை ஏற்று, ஓரணு ஈயத்திற்கு ஈரணு உயிர்வளி என்னும் அளவில் அமைந்த கரும்பழுப்புப் பொருளாகத் திரியும். கனிப்பொருள் நூலார் இதனைப் பிளாட்னரைட் என்பர். கந்தகம் கலந்த தீயகாற்று படுமிடத்து ஈயம் கந்தகத்தோடு கூடி வேறொரு கரும்பொருளாதலும் உண்டு.

இத்தீங்கு பண்டையோர் அறியாததன்று. 1400ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் ஓவியக்கலை நூல் எழுதிய சென்னினோ சென்னினி என்பார், ஈயவெள்ளையைச் சுவரில் இயன்றவரை விலக்குக என்றும், செவ்வீயம் பலகைக்கே உரியது, சுவரில் காற்றுப்பட்டால் கறுக்கும் என்றும் எச்சரித்துள்ளார். சிமாபூவே எழுதிய காலத்திற்கும் அந்நூலுக்கும் இடையே நூறாண்டிற்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அதற்குள் சுவர்களே ஓவியர்க்கு ஆசிரியராய் அமைந்தன போலும்.

இனிச் செவ்வீயத்தை நோக்குவோம். ஈயச்சிந்தூரம் எனவும் வழங்கும் இச்செம்பொடியில் மூன்றணு ஈயத்திற்கு நான்கணு உயிர்வளி உண்டு. ஈரமும் ஒளியும் ஒருங்கு கூடியவிடத்து இதுவும் மேற்கூறிய கரும்பொருளாகவே முடியும். இதற்குப் பெருஞ்சான்று சீனநாட்டுத் துன்ஹுவாங் அருகிலுள்ள மோகாவ் குகைகள். 4ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை குடைந்தும் எழுதியும் வந்த அக்குகைகளுள் ஓவியமுள்ளவை 492 என்பர். அவற்றுள் பழையனவாகிய வட வெய் மரபினர் காலத்துக் குகைகளில் போதிசத்துவர்களின் முகங்கள் கரும்பழுப்பாய், தடித்த கருங்கோடுகள் சூழ, மூக்கும் கண்களும் மட்டும் வெண்கீற்றுகளாய் விளங்கக் காணப்படும். சீனர் அம்முகங்களைத் தம் எழுத்துகளுள் 'சிறிது' என்னும் பொருள்தரும் எழுத்தின் வடிவுடைய முகம் என்றே அழைப்பர்.

இக்கருங்கோடுகளைக் கண்டு, அக்காலத்து ஓவியர் முரட்டு ஆற்றலுடையார், மென்மையறியார் என்று கருதுதல் எளிது. உண்மை அதற்கு நேர்மாறானது. ஈயம் கலந்த மேனிவண்ணத்தால், விளிம்பிற் செறிவும் உள்நோக்கி மென்மையுமாகப் படிப்படியே தீட்டிய இளஞ்செந்நிழலே இன்று கருங்கோடாய் நிற்கின்றது. உருவின் மேடுபள்ளத்தை நிறச்செறிவால் காட்டும் இம்முறை இந்திய நாட்டினின்று நடு ஆசியா வழியே சென்றது; வடமொழிச் சித்திரநூல்கள் இதனை வர்த்தனை என்னும். ஆகவே மென்மையின் சுவடே முரட்டுத்தன்மைக்குச் சான்றாகக் காட்டப்படும் நிலை நேர்ந்தது. ஈயத்தின் இயல்பறியாமை ஒரு காலத்து ஓவியர் அனைவர்மேலும் பழிசுமத்த வல்லதாயிற்று.

உரோம நாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. விட்ருவியசு என்னும் கட்டடக்கலை ஆசிரியர், பாபேரியசு என்ற எழுத்தர் ஒருவரின் செய்தியைக் கூறியுள்ளார். அவர் அவென்டைன் குன்றிலிருந்த தம் மனையின் திறந்த முற்றத்துச் சுவரெல்லாம் இங்குலிகம் பூசுவித்தார். முப்பது நாளில் அச்செம்மை கெட்டு, திட்டுத்திட்டான அழகற்ற நிறமாயிற்று. அவர் மீண்டும் வேறு வண்ணம் பூசுவிக்க நேர்ந்தது. இங்குலிகம் என்பது சாதிலிங்கம். இரசமும் கந்தகமும் கூடியது. ஒளியும், குளோரின் தரும் உப்புகளும் இதன் கருமைக்குத் துணைபுரிவன. பொம்பேயி நகரை அடுத்த பகுதியினின்று எடுத்த துகள்களை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பெற்ற முடிபின்படி, கறுத்த மேற்பரப்பில் குளோரின் சேர்ந்த இரசப்பொருள்களும், சுண்ணம் கந்தகத்தால் திரிந்து பிறந்த ஜிப்சமும் உள்ளன. அக்கருமை மெல்லிய மேற்படலமே. அதன்கீழ்ச் செம்மை மாறாதிருக்கின்றது. பரிணாமத்தை ஏகதேசம், முழுமை என இருவகையாகப் பகுத்தறிந்த சித்தாந்த நூலார்க்கு இஃது எளிதில் விளங்கும். பொருள் முழுதும் திரியாது ஒருபுடை திரிந்து நிற்றலின், இதனை ஏகதேச பரிணாமத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகவே கூறலாம்.

மேற்கூறியவற்றைக் காரண வகையால் தொகுத்து நோக்கின், ஈயமும் இரசமும் முதற்காரணம். ஈரம், ஒளி, காற்று, சுண்ணக்காரம் ஆகியன துணைக்காரணம். பொருளியல்பு அறியாது தேர்ந்து தீட்டிய கை நிமித்த காரணம். காரணத்தில் இல்லாதது காரியத்திற் பிறவாது என்னும் நியதிப்படி, இன்று கண்டு வருந்தும் கருமை ஓவியன் குழைத்த கிண்ணத்திலேயே ஆற்றலளவில் அடங்கியிருந்தது. காலம் அதனை வெளிப்படுத்தியதன்றிப் புதிதாகக் கொணர்ந்ததன்று.

இதனால் சைவ ஓவிய ஆராய்ச்சிக்கு வரும் பயன் யாதெனின், கூறுதும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சிற்பரத்தினம் என்னும் வடநூல் செந்நிறத்தை மூன்று தரமாகப் பகுத்து, மென்செம்மைக்குச் சிந்தூரமும், நடுச்செம்மைக்குக் காவிக்கல்லும், மிகுசெம்மைக்கு அரக்கும் கூறுகின்றது. செம்மேனி ஒன்றையே மூன்று ஓவியர் மூன்று சுவரில் இம்மூன்றனுள் ஒவ்வொன்றால் எழுதினர் என்று கொள்க. சில நூற்றாண்டு கழிந்தபின் ஈரம்பட்ட சுவரிற் சிந்தூரத்தால் எழுதியது கறுக்கும். காவியால் எழுதியது செம்மையாகவே நிற்கும். அரக்கால் எழுதியது ஒளியில் வெளிறும். அவற்றைக் காண்பவன் கருமேனி, செம்மேனி, வெண்மேனி என மூன்று மூர்த்திகளைக் கற்பித்து, மூன்று ஆகமவழக்கை நாடி அலைவானாயின், அவன் ஆராய்ந்தது மூர்த்தியை அன்று; வண்ணப்பொடியையே.

இவ்வளவும் கேட்டு, அங்ஙனமாயின் பழைய சுவரின் நிறம் எதற்கும் சான்றாகாது எனத் துணிவாரும் உளர். அதுவும் பொருந்தாது. தஞ்சைப் பெரியகோயிலே இதனை மறுக்க அமையும்.

முதலாம் இராசராச சோழர் எடுப்பித்து 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட திருச்சுற்றறையில், நாயக்கர் காலத்து ஓவியங்களின்கீழ்ச் சோழர் ஓவியங்கள் மறைந்திருத்தலை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். தட்சிணாமூர்த்தி, திரிபுராந்தகர், தில்லைக் கூத்தர், தடுத்தாட்கொண்ட வரலாறு, சுந்தரமூர்த்தி நாயனார் யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் திருக்கயிலை செல்லுங்காட்சி ஆகியன அவற்றுள் அடங்கும். சென்னை அருங்காட்சியகத்து இரசாயன வல்லுநர் எஸ். பரமசிவன் 1930களில் இவற்றின் சுதையையும் வண்ணத்தையும் ஆராய்ந்து, ஈரச்சுதையின்மேல் எழுதும் முறையால் அமைந்தவை எனக் கூறினார். அவர் கண்ட வண்ணப்பொருள்கள் சிலவே: வெண்மைக்குச் சுண்ணம், கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவிமண், பச்சைக்குப் பச்சைமண், நீலத்திற்கு லாஜவர்த்தம் என்னும் நீலக்கல்.

இவை ஈயத்தைப்போல் ஏன் கெடவில்லை என்பதற்கு விடை இவற்றின் இயல்பிலேயே உளது. செங்காவி என்பது இரும்பு தான் கொள்ளத்தக்க உயிர்வளியை முழுதும் கொண்டு நிறைந்த பொருள். மேலும் ஏற்பதற்கு அதன்கண் இடமில்லை. ஆதலின் காற்றும் ஒளியும் அதனை எளிதில் மாற்றமாட்டா. சுண்ணமோ சுவரின் பொருளேயாம். நீறிய சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லின் தன்மை எய்துங்கால், தன்மேற் படிந்த வண்ணத்துகளைத் தன்னோடு பிணித்துக்கொள்ளும். சுண்ணவெண்மை ஈயவெண்மைபோல் கருநிறப் பொருளாகத் திரியும் இயல்பினதன்று.

திருக்கயிலைச் செலவைக் காட்டும் ஓவியத்தில் நாயனார் ஊர்ந்த யானை இன்றும் வெண்மையாகவே விளங்குகின்றது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் இறுதியில் வெள்ளானைச் சருக்கம் வகுத்தது 12ஆம் நூற்றாண்டில். சுவரில் ஓவியன் எழுதியது அதற்கு நூறாண்டிற்கும் மேலாக முற்பட்டது. ஆகவே இவ்வெண்மை புராணத்தைப் பார்த்து எழுதியதன்று. புராணத்திற்கு முன்னரே நாட்டில் நிலவிய வழக்கிற்குத் தனிச்சான்றாவது. இச்சான்றின் வலி எதைப் பற்றி நிற்கின்றது? வெண்மைக்குக் கொண்ட பொருள் சுண்ணம் என்பதைப் பற்றியே நிற்கின்றது. அசீசியில் நேர்ந்தவாறு ஈயவெள்ளையால் எழுதியிருப்பின், வெள்ளானை இந்நாள் கருமையுற்றிருக்கலாம். ஓவியனுக்கு வெள்ளானை மரபு தெரியாது என்றும், சேக்கிழார் பின்னர்க் கூட்டியது என்றும் ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதியும் இருக்கலாம். ஒரு பிடி பொடியின் வேறுபாடு ஒரு மரபின் தொன்மையையே காட்டவும் மறைக்கவும் வல்லதாதல் இதனால் விளங்கும்.

ஆயின் காவியும் எங்கும் மாறாதது என்று கொள்ளற்க. மஞ்சட்காவியில் இரும்போடு நீரும் கூடியுள்ளது. வெப்பம் மிக்கவிடத்து அந்நீர் நீங்க, மஞ்சள் செம்மையாகும். கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது பொம்பேயியின் மஞ்சட்சுவர்கள் பல இவ்வாறே சிவந்தன. பிற்கால ஐரோப்பியர் 'பொம்பேயிச் சிவப்பு' எனப் பாராட்டித் தம் மாளிகைகளிற் பூசிய நிறத்துள் ஒரு பகுதி உரோமர் தீட்டியதன்று, எரிமலை தீட்டியது. ஆதலால் பொருளின் பெயரை அறிந்த மாத்திரையில் அமையாது, அப்பொருள் பட்ட வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

இனி, நிறத்திரிபு வேறு, நிறமறைப்பு வேறு என்னும் பகுப்பு இவ்வாராய்ச்சியில் இன்றியமையாதது. தஞ்சைச் சுவரில் படிந்த விளக்குப்புகை வண்ணத்தின் தன்மையை மாற்றியதன்று. அதன்மேல் வந்து படிந்தது. அதன்மேல் எழுதிய நாயக்கர் படலமும் அத்தகையதே. அசந்தாவில் 1920 முதல் 1922 வரை, ஐதராபாத் நிசாம் அரசின் ஆதரவில் வந்த இத்தாலிய வல்லுநர் பெயர்ந்துவரும் வண்ணத்தைக் காக்கக் கருதி அரக்குமெருகு பூசினர். அது நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்து ஓவியங்களுக்கே ஒரு பழுப்புப் போர்வையாயிற்று. பிற்காலத்துத் தொல்பொருளாய்வுத் துறையினர் அதனைக் கரைத்து நீக்க முயன்றவிடங்களில் உள்ளிருந்த நிறம் வெளிப்பட்டது. புகையும் மெருகும் ஆகந்துகம்; வந்தது நீங்கக்கூடும். ஈயத்தின் கருமையோ வந்து படிந்ததன்று, வண்ணமே அவ்வாறாயது. பால் தயிரானபின் தயிரை நீக்கிப் பாலைத் தேடுவார் இல்லை. செம்பிற் களிம்பு என்னும் பழைய உவமையை இங்கே முற்றும் பொருத்தப் புகுதல் வேண்டா; உவமை யாண்டும் ஒருபுடை ஒப்புமையே. கழுவத்தக்கது எது, கழுவினால் ஓவியமே போவது எது என்னும் வேறுபாட்டை உணர்தலே ஈண்டுக் கருதியது.

இவ்வேறுபாடு அறியாமையால் விளையுங் கேடு ஏட்டளவில் நில்லாது. கறுத்ததெல்லாம் அழுக்கு எனக் கருதித் தேய்ப்பவன், திரிந்த வண்ணத்தையே சுரண்டி எறிவான். கறுத்ததெல்லாம் கெட்டொழிந்தது எனக் கருதுபவன், அதன்மேல் வெள்ளை பூசிப் புதிதாக எழுதுவிப்பான். முன்னவன் ஏட்டின் எழுத்தைச் சுரண்டியவன். பின்னவன் பழைய ஏட்டை எரித்துத் தான் பாடிய செய்யுளைப் பழம்பெயரால் வெளியிட்டவன். தஞ்சையில் தொல்பொருளாய்வுத் துறையினர் நாயக்கர் படலத்தைச் சிதையாது பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிக் காத்து, கீழுள்ள சோழர் ஓவியத்தையும் வெளிப்படுத்தினர். மேலுள்ளதைப் பிழைப்பாடம் என்று அழிக்காமல் இரண்டு பாடத்தையும் காத்தமையின், அம்முறை பதிப்பாசிரியர்க்கும் ஏற்புடைத்து.

திரிந்த நிறத்தைப் படியெடுப்பது எவ்வாறு என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. சீன ஓவியர் ஜாங் தாசியான் 1941 முதல் 1943 வரை துன்ஹுவாங்கில் தங்கிப் படியெடுத்தபோது, கறுத்த நிறங்களை முன்னிருந்தவாறு தாம் உய்த்துணர்ந்த வண்ணத்தால் எழுதினார். கண்டது கண்டவாறே எழுதுதல் வேண்டும் என்பது மற்றொரு சாரார் கொள்கை. ஏடு பதிப்பிப்போரிடையே உள்ள வழக்கும் இதுவேயன்றோ? உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் தாம் கொண்ட பாடத்தை மேலே காட்டி, ஏனைப் பாடங்களை அடிக்குறிப்பிற் காட்டினர். ஓவியத்திற்கும் அதுவே நெறி. கண்டவாறு ஒருபடியும், சோதனையாற் பெற்ற சான்றுகொண்டு ஊகித்த முதல்நிறத்தோடு ஒருபடியும் எடுத்து, ஊகம் இது எனப் பிரித்துக் காட்டின் இருசாரார்க்கும் குறையில்லை. கடுகினுஞ் சிறிய துகள் ஒன்றைக் குறுக்கே அறுத்து உருப்பெருக்கியில் நோக்கினும், மேலே கருமையும் கீழே மாறாத செம்மையும் பல இடங்களில் தெளியக் காணலாம். ஊகத்திற்கு அத்துகள் பற்றுக்கோடாம்.

ஆகவே ஓவியத்தின் நிறத்தைச் சான்று காட்டப் புகுவார் மூன்றனை முதற்கண் கூறக் கடமைப்பட்டவர்: அந்நிறம் எப்பொருளால் ஆயது என்பது ஒன்று, அது திரிந்ததோ, மறைந்ததோ, உள்ளவாறே நின்றதோ என்பது ஒன்று, நிறமன்றிப் படை, இருக்கை, கதைநிகழ்ச்சி முதலிய பிறசான்றுகள் அதனோடு ஒத்து நிற்கின்றனவோ என்பது ஒன்று. இம்மூன்றும் ஒத்தவிடத்து, தஞ்சை வெள்ளானையிற்போலச் சுவரின் நிறம் நூலினும் முற்பட்ட சான்றாகத் தலைநிமிர்ந்து நிற்கும். ஒவ்வாதவிடத்து ஐயப்பாடம் எனக் குறித்து அமைதலே முறை. கோயில்களில் திருப்பணி தொடங்குவாரும், மதிற்சுவரிலும் மண்டபத்து விதானத்திலும் கறுத்த பகுதி கண்டவுடன் தூரிகைக்கும் சுண்ணாம்புக்கும் ஆணையிடாது, அக்கருமை புகையோ, மெருகோ, ஈயமோ என்று இரசாயனம் வல்லாரை வினாவியறிதல் வேண்டும். ஒருமுறை பூசிய வெள்ளையின்கீழ் மறைந்த பாடத்தை மீட்டும் படித்தல் எளிதன்று. சுரண்டி அழித்ததை மீட்டல் எவ்வாற்றானும் இயலாது.